ஊட்டி டிரவுட்டும் எண்ணூர் கொடுவாவும்: ஃப்ளை ஃபிஷிங் பத்தி ஒரு எபிசோட்

(ஒலி எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

திருவொற்றியூர்ல இருந்து பேசறேன். பகல்ல கோட் எழுதற வேலை, வார இறுதியில மைக், நடுவுல நேரம் கிடைச்சா தூண்டில். எண்ணூர் பக்கம் தூண்டில் போடறதைப் பத்தி முன்னாடி ஒரு எபிசோட் போட்டோம் இல்லையா, அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்வி. "ப்ரோ, ஹாலிவுட் படத்துல இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு சாட்டை சுழட்டற மாதிரி மீன் பிடிக்கறாங்களே, அது என்ன? நம்ம ஊர்ல முடியுமா?"

அதுக்குப் பேர் ஃப்ளை ஃபிஷிங். நம்ம ஊர்ல முடியுமான்னு கேட்டா, தமிழ்நாட்டுலயே நூறு வருஷத்துக்கு மேல பழைய கதை இருக்கு. இடம் நீலகிரி, மீன் டிரவுட். இன்னிக்கு மூணு விஷயம் பேசப் போறோம். இந்த மீன்பிடிப்பு எப்படி வேலை செய்யுது, அந்த மீன் எப்படி நம்ம மலைக்கு வந்துச்சு, அப்புறம் அந்தக் கதையில வடசென்னைக்காரங்களுக்கு என்ன இருக்கு. மூணாவதுக்காகத்தான் இந்த எபிசோடே. ஆனா முதல் ரெண்டு இல்லாம அது புரியாது.

எடை எங்க இருக்கு?

நம்ம பக்கம் தூண்டில் எப்படிப் போடுவோம்? நரம்பு முனையில முள்ளு, அதுல இறா, கொஞ்சம் மேல ஈயக்குண்டு. சுழட்டி விட்டா ஈயம் பறக்கும், நரம்பு பின்னாடியே போகும். அதாவது எடை முனையில இருக்கு, கயிறு சும்மா கூடப் போகுது.

ஃப்ளை ஃபிஷிங்ல இது தலைகீழ். முனையில இருக்கறது ஒரு பொய்ப் பூச்சி. குட்டி முள்ளு மேல இறகு, முடி, நூல் சுத்திப் பண்ணது. ஊதினா பறந்துடும், அதைத் தூக்கி எறியவே முடியாது. அதனால எடையைக் கயிறுக்குள்ளயே வெச்சுட்டாங்க. மேல பிளாஸ்டிக் பூச்சு போட்ட தடிமனான கயிறு அது. அதோட முனையில போகப் போக மெலிசாகற ஒரு நரம்பு, அதுக்கும் முனையில ஃப்ளை. கம்பு பொதுவா 9 அடி இருக்கும்.

குளிச்சுட்டு ஈரத்துண்டை உதறுவோம்ல? கையைப் பின்னாடி கொண்டு போய், ஒரு நொடி நிறுத்தி, முன்னாடி சுண்டினா துண்டோட நுனி வரைக்கும் அந்த வேகம் ஓடிப் போகும். அதேதான் இது. புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் மாட்டிக்கற இடம் அந்த நடுவுல நிறுத்தற ஒரு நொடி. பின்னாடி போன கயிறு முழுசா நீளறதுக்கு முன்னாடியே முன்னாடி இழுத்தா, எல்லாம் தலை மேலதான் விழும்.

இது நேத்து வந்த விளையாட்டும் இல்ல. சுமார் 1800 வருஷத்துக்கு முன்னாடி ஏலியன்னு ஒரு ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியா பக்கம் ஆத்துல முள்ளுல செவப்பு கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டி மீன் பிடிக்கறாங்கன்னு எழுதி வெச்சிருக்கார்.

பந்தியில உட்கார்ந்திருக்கற மீன்

டிரவுட் எப்படிச் சாப்பிடுதுன்னு தெரிஞ்சா இந்த விளையாட்டு பாதி புரிஞ்ச மாதிரி. வேகமா ஓடற மலை ஆத்துல நாள் பூரா நீந்திக்கிட்டே இருந்தா மீன் களைச்சுப் போயிடும். அதனால ஒரு பாறைக்குப் பின்னாடி, இழுப்பு கம்மியா இருக்கற இடத்துல, தண்ணி வர்ற திசையைப் பார்த்து நிக்கும். பூச்சி, புழு, முட்டை எல்லாம் தண்ணியோட அடிச்சுக்கிட்டு வரும். இது லேசா நகர்ந்து வாயில வாங்கிக்கிட்டு திரும்ப இடத்துக்கு வந்துடும். கல்யாணப் பந்தியில இலை முன்னாடி உட்கார்ந்த மாதிரி. சாப்பாடு தானா வரும்.

இப்போ, நேரா வர வேண்டிய சாம்பார் வாளி திடீர்னு குறுக்கால பறந்தா நீங்களே சந்தேகப்படுவீங்க இல்லையா? டிரவுட்டும் அப்படித்தான். கயிறு தண்ணியில இழுபட்டு, பொய்ப் பூச்சி ஓட்டத்துக்குக் குறுக்க நகர்ந்தா தொடவே தொடாது. அதனால கயிறு இழுக்காம, பூச்சி தானா மிதந்து வர்ற மாதிரி போடறதுதான் முழு வித்தை. மிதக்கறதுக்கு டிரை ஃப்ளை, மூழ்கறதுக்கு நிம்ஃப்.

அந்தப் பூச்சிங்க எதுன்னும் பார்க்கணும். மேஃப்ளை, கேடிஸ், ஸ்டோன்ஃப்ளைன்னு மூணு குடும்பம். நம்ம ஈசல் மாதிரி, இதுங்களும் இறக்கை முளைச்சு வெளிய வந்து கொஞ்ச காலம்தான் இருக்கும். அதுக்கு முன்னாடி மாசக்கணக்குல ஆத்து அடியில, கல்லுக்கு அடியில வாழும். தண்ணி அழுக்கானா முதல்ல காணாமப் போறது பெரும்பாலும் இதுங்கதான். அதனாலயே உலகம் பூரா ஆத்தோட உடல்நிலையைப் பார்க்க விஞ்ஞானிங்க இந்த மூணு குடும்பத்தையும் எண்ணறாங்க. சர்வர் உயிரோட இருக்கான்னு மானிட்டரிங் போடுவோமே, அது மாதிரி. ஃப்ளை ஃபிஷிங் பண்றவன் தண்ணியைத் தினமும் படிக்கறவன். அவனுக்கு வேற வழி இல்ல.

ஏன் ஊட்டி, ஏன் இங்க இல்ல?

டிரவுட்டுக்குத் தேவை ரெண்டு: குளிர்ச்சி, ஆக்சிஜன். இந்த ரெண்டும் தனித்தனி இல்ல. கடல் மட்டத்துல 10 டிகிரி நல்ல தண்ணியில லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரிக்குப் போனா ஏழரைதான். மீனோட உடம்போ சூடு ஏற ஏற ஆக்சிஜனை அதிகமாக் கேட்கும். சப்ளை குறையுது, டிமாண்ட் ஏறுது. 20 டிகிரிக்கு மேல டிரவுட் திணறும், 25-ஐ நெருங்கினா உயிருக்கே ஆபத்து. நம்ம வீட்டு மாடித் தொட்டித் தண்ணியில விட்டா அரை நாள் தாங்காது.

நீலகிரியில 2000 மீட்டருக்கு மேல, சோலைக் காட்டுல இருந்தும் புல்வெளியில இருந்தும் வர்ற ஓடைங்க வருஷம் பூரா ஓடும், குளிராவும் இருக்கும். வெள்ளைக்காரங்க அதைப் பார்த்ததும் நினைச்சது ஒண்ணுதான்: இது ஸ்காட்லாந்து மாதிரியே இருக்கு, ஒரே ஒரு குறை, டிரவுட் இல்ல.

முட்டையைக் கப்பல் ஏத்தின கதை

1860-கள்ல ஃபிரான்சிஸ் டே இதுல இறங்கினார். மெட்ராஸ்ல ராணுவ டாக்டரா இருந்தவர், பின்னாடி இந்திய மீன்களைப் பத்தின பெரிய புத்தகம் எழுதினவர். நீலகிரியில டிரவுட் விடப் பார்த்தார், நடக்கல.

பிரச்சனை என்னன்னா, முட்டைக்குக் கணக்கு இருக்கு. ரெயின்போ டிரவுட் முட்டை 10 டிகிரியில சுமார் ஒரு மாசத்துல பொரியும். தண்ணி சூடானா சீக்கிரம் பொரியும், ரொம்பச் சூடானா செத்துடும். அதனால ஐஸ்ல வெச்சு, வளர்ச்சியை மெதுவாக்கி, பொரியறதுக்குள்ள கொண்டு போய்ச் சேர்க்கணும். 1864-ல நார்ஃபோக்னு ஒரு கப்பல் இங்கிலாந்துல இருந்து ஆஸ்திரேலியாவுக்கு இப்படித்தான் போச்சு. மரப்பெட்டிக்குள்ள பாசி, பாசிக்குள்ள முட்டை, சுத்தி டன் கணக்குல ஐஸ், ஏறக்குறைய மூணு மாசப் பயணம். டாஸ்மேனியாவுல அதுல கொஞ்சம் பொரிஞ்சுது. அங்கிருந்து நியூசிலாந்துக்குப் போச்சு. 1880-கள்ல இலங்கையில நுவரெலியாவுக்கு டிரவுட் வந்துச்சு. காஷ்மீருக்கு 1899-ல வந்த முதல் லோடு வழியிலயே போயிடுச்சு, 1900-ல வந்தது பிழைச்சுது.

நீலகிரியில ஜெயிச்சது 20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல. மெட்ராஸ் அரசு மீன் வளர்ப்பு நிபுணரா வெச்சிருந்த ஹெச். சி. வில்சன், 1907-ல அவலாஞ்சியில ஒரு டிரவுட் பொரிப்பகம் அமைச்சார். சிலோன், நியூசிலாந்து மாதிரி இடங்கள்ல இருந்து ரெயின்போ டிரவுட் முட்டை வந்துச்சு. இந்த வகை ஐரோப்பாவோடது இல்ல, பசிபிக் கடலோரத்து ஆறுகளோடது. பிரவுன் டிரவுட்டை விடக் கொஞ்சம் சூடு தாங்கும். அது நின்னுடுச்சு. மூணாறுல தேயிலைத் தோட்டக்காரங்களும் இதே வேலையைப் பண்ணாங்க.

பொரிப்பகத்துல என்ன பண்ணுவாங்கன்னு கேட்டா, ரொம்ப எளிமையான வேலை, ஆனா பொறுமை வேணும். குளிர் காலத்துல முட்டை வெச்ச பெண் மீனைப் பிடிச்சு, வயித்தை மெதுவா நீவினா ஆரஞ்சு மணி மாதிரி முட்டை கிண்ணத்துல விழும். ஆண் மீனோட விந்தைக் கலந்து, ஓடற குளிர்ந்த தண்ணியில தட்டுல பரப்பி வைப்பாங்க. செத்த முட்டை வெள்ளையாகும். அதைத் தினமும் பொறுக்கி எடுக்கலைன்னா பூஞ்சை பிடிச்சு பக்கத்து முட்டையும் போயிடும். பொரிஞ்ச குஞ்சை வளர்த்து ஓடையிலயும் ஏரியிலயும் விடுவாங்க. யாரோ ஒருத்தர் தட்டு முன்னாடி குனிஞ்சு நின்னதாலதான் இந்த மீன் இன்னும் அந்த மலையில இருக்கு.

சட்டம் முன்னாடி, மீன் பின்னாடி

எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல் இது. நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம்னு மெட்ராஸ்ல ஒண்ணு போட்டாங்க. எந்த வருஷம்? 1879. அதாவது டிரவுட் அங்க வேர் பிடிக்கறதுக்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முன்னாடி! லைசன்ஸ், எந்தப் பருவத்துல பிடிக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு, இதையெல்லாம் கவனிக்க ஒரு சங்கம், எல்லாமே மீனுக்கு முன்னாடியே ரெடி.

இதோட மறுபக்கத்தையும் சொல்லிடறேன், இல்லைன்னா கதை ஏமாத்தாயிடும். காலங்காலமா அங்க இருந்த தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளரைக் கேட்டுப் போட்ட சட்டம் இல்ல அது. துரைமார் விளையாட்டுக்குப் போட்டது. டிரவுட்டும் அப்பாவி இல்ல. உலகத்தோட மோசமான 100 ஊடுருவல் உயிரினங்கள் பட்டியல்ல ரெயின்போவும் இருக்கு, பிரவுனும் இருக்கு. சொந்த ஓடையில இருக்கற சின்ன மீனையும் தவளையையும் தின்னும். இதுக்கு நடுவுல நம்ம சொந்த மீன், காவிரியிலயும் மோயாறுலயும் மட்டும் இருக்கற திமில் மகசீர், 2018-ல மிகவும் அழியும் நிலையில இருக்கற மீன்னு அறிவிக்கப்பட்டது. வந்த விருந்தாளிக்குப் பொரிப்பகம், வீட்டுப் பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல.

ஒரே கரண்ட், ரெண்டு தண்ணி

சரி, இப்போ மலை இறங்கி எண்ணூர் வருவோம். ரெண்டு ஊரையும் இணைக்கறது ஒரு கம்பி. மின்சாரக் கம்பி.

ஊட்டியில டிரவுட் இருக்கற ஏரிங்க நிறைய, இயற்கை ஏரி இல்ல. அணை. பைக்காரா மின் நிலையம் 1932-ல வந்துச்சு. அப்புறம் கனடா உதவியோட குந்தா திட்டம். அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி எல்லாம் அந்தத் திட்டத்தோட நீர்த்தேக்கங்கள். கரண்டுக்காகக் கட்டினது, டிரவுட்டுக்குக் குளிர்ந்த வீடாவும் ஆச்சு.

அதே மாநிலத்தோட அதே மின்சார வாரியம்தான் இங்கயும். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல தொடங்கி 2017-ல மூடினாங்க. பக்கத்துல வடசென்னை அனல்மின் நிலையம் இப்பவும் ஓடுது. இங்க கரண்ட் கொசஸ்தலை ஆத்துக்குக் கொடுத்தது சூடான தண்ணியும் சாம்பலும். சாம்பல் குழாய் ஒழுகி கழிமுகத்துல படிஞ்சது தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போன விஷயம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து, படகு, வலை, கூழைக்கடா இறக்கை எல்லாத்துலயும் ஒட்டினதை நீங்களும் பார்த்தீங்க.

முன்னாடி சொன்ன ஆக்சிஜன் கணக்கை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஏற்கெனவே 30 டிகிரி இருக்கற தண்ணி. அதுல இன்னும் சூடு சேர்த்தா என்ன மிஞ்சும்? சாம்பல் படிஞ்சா, அடிச் சேத்துல இருக்கற புழு, இறா குஞ்சு எல்லாம் மூடிப் போகும். பந்தியில இலையே இல்லாமப் போன மாதிரி.

கொடுவான்னா சும்மாவா

இந்தக் கழிமுகத்து மீன்ல ராஜா கொடுவா. கல்கத்தாவுல பெட்கி, ஆஸ்திரேலியாவுல பாராமுண்டி. மூணும் ஒரே மீன்தான். ஆஸ்திரேலியாவோட வடக்குப் பகுதியில இந்த மீனை ஃப்ளை கம்புல பிடிக்க உலகம் பூரா இருந்து காசு செலவு பண்ணி வர்றாங்க. டிரவுட் கம்பை விடப் பலமான கம்பு, இறா மாதிரியோ மடவை மாதிரியோ கட்டின பெரிய ஃப்ளை. கொடுவா மாட்டினா தண்ணிக்கு மேல எகிறி தலையை உதறும். பார்த்தவங்களுக்குத் தெரியும்.

இதோட வாழ்க்கை இன்னும் சுவாரசியம். கொடுவா பெரும்பாலும் ஆணாப் பொறந்து, சில வருஷம் கழிச்சுப் பெண்ணா மாறும். அப்போ பெரிய கொடுவா எல்லாம் அநேகமா முட்டை வைக்கற தாய். முட்டை விடறது முகத்துவாரத்துக்குப் பக்கத்துல உப்புத் தண்ணியில, குஞ்சு வளர்றது உள்ள கழிமுகத்துல, அலையாத்தி வேர் நடுவுல. வாசல் அடைச்சாலும் போச்சு, உள்வீடு கெட்டாலும் போச்சு. அதனாலதான் குயின்ஸ்லாந்துல 58 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தாலும் எடுக்கக் கூடாது, 120-க்கு மேல இருந்தாலும் எடுக்கக் கூடாதுன்னு விதி. சின்னது வளரணும், பெருசு முட்டை வைக்கணும்.

நம்மகிட்ட தொழில்நுட்பம் இல்லையான்னா, அதுவும் இருக்கு. சென்னையிலயே இருக்கற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமா சிபா, 1997-லயே கொடுவாவைப் பொரிப்பகத்துல இனப்பெருக்கம் பண்ண வெச்சாங்க. அவலாஞ்சியில டிரவுட்டுக்கு நடந்தது நம்ம கொடுவாவுக்கும் நடந்துடுச்சு.

இந்த எபிசோட்ல நான் சொல்ல வந்தது இதுதான். 1860-கள்ல நீலகிரியில தண்ணி ரெடி, மீன் இல்ல. இன்னிக்கு எண்ணூர்ல மீன் ரெடி, தண்ணி இல்ல. முதல் பிரச்சனைக்குப் பொரிப்பகம் போதும், ரெண்டாவதுக்குப் போதாது. ஆத்தைத் தட்டுல வெச்சுப் பொரிக்க முடியாது. இதே மெட்ராஸ்ல உட்கார்ந்துதான், ஒரு மீன் வர்றதுக்கு முப்பது வருஷம் முன்னாடியே அதுக்குச் சட்டம் எழுதினாங்க. முடியாத வேலை இல்ல இது. யாருக்காகச் செய்யறோம்ங்கறதுதான் கேள்வி. துரைமாரோட கிளப் நமக்கு வேண்டாம். தண்ணிக்குக் காவல் போட்ட அந்தப் பழக்கம் வேணும். அதுவும், அந்தத் தண்ணியில பொழைக்கற மீனவர்களும், கையால இறா தடவிப் பிடிக்கறவங்களும் உட்கார்ந்து பேசற மேசையில.

கேட்டவங்க கேள்வி

"சென்னையில கத்துக்க முடியுமா?" முடியும். காஸ்டிங் கத்துக்க ஆறே தேவையில்ல. காலி மைதானம் போதும். முள்ளுக்குப் பதிலா ஒரு துண்டு கம்பளி நூல் கட்டிக்கோங்க. பின்னாடி யாரும் இல்லன்னு பார்த்துக்கோங்க. கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம்.

"ஊட்டிக்குப் போய் டிரவுட் பிடிக்கலாமா?" நினைச்ச இடத்துல முடியாது. முக்கூர்த்தி தேசியப் பூங்கா பாதுகாக்கப்பட்ட காடு. நீர்த்தேக்கங்களுக்கும் அனுமதி தேவை. போறதுக்கு முன்னாடி வனத்துறைகிட்டயும் மீன்வளத்துறைகிட்டயும் கேளுங்க. ரிசார்ட்ல யாரோ "நான் பார்த்துக்கறேன் சார்"னு சொன்னதை நம்பிப் போகாதீங்க.

"பிடிச்சுட்டுத் திரும்ப விடறதுல என்ன அர்த்தம்?" நெட்டுக்குப்பத்துல ஒரு அண்ணனும் இதையேதான் கேட்டார், இவ்வளவு செலவு பண்ணி விட்டுடுவியா தம்பின்னு. நியாயமான கேள்வி. அவருக்கு அது சோறு, நமக்கு அது ஞாயித்துக்கிழமை. அதனால நம்மதான் விட்டுக் கொடுக்கணும். சாப்பிட ஒண்ணு எடுத்தா தப்பில்ல. குஞ்சையும், முட்டை வெச்ச பெரிய மீனையும் விடுங்க. முள்ளோட கொக்கியை இடுக்கியால அமுக்கிட்டா எடுக்கறது சுலபம். கையை ஈரமாக்கிட்டு மீனைத் தொடுங்க, உலர்ந்த கை மேல்தோலோட வழவழப்பை உரிச்சுடும். தண்ணிக்கு வெளிய செல்ஃபிக்கு நேரம் கொடுக்காதீங்க.

"வேற என்ன பண்ணலாம்?" ஒரு நோட்டு போடுங்க. தேதி, ஏத்தமா வத்தமா, என்ன மீன், எத்தனை சென்டிமீட்டர், தண்ணி எத்தனை டிகிரி. ஒரு சாதாரண தெர்மாமீட்டர் போதும். தூண்டில் வளைவுல ஞாயித்துக்கிழமை காலையில எத்தனை பசங்க நிக்கறோம்? பத்து பேர் ஒரு வருஷம் எழுதினாலே, அடுத்த தடவை தண்ணி நிறம் மாறும்போது "எப்பவுமே இப்படித்தான்"னு யாரும் சொல்லித் தப்பிக்க முடியாது. லாக் இல்லாம பக் ரிப்போர்ட் போட்டா யார் எடுத்துக்குவாங்க, நமக்குத் தெரியாததா? மாசுக் கட்டுப்பாடு வாரியத்துக்குப் புகார் போடும்போது அந்தத் தேதியும் போட்டோவும்தான் பேசும். வலை போட்டிருக்கற இடத்துல மட்டும் தூண்டில் போடாதீங்க, அது அவங்க பாடு, அவங்க உரிமை.

நோட்டுக்கு ஒரு எளிமையான ஷீட் தயார் பண்ணி வெச்சிருக்கேன், லிங்க் எபிசோட் குறிப்புல இருக்கு. அடுத்த எபிசோட்ல ஃப்ளை கட்டறது எப்படின்னு பார்க்கலாம், கொடுவாவுக்கு இறா மாதிரி ஒண்ணு. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. பார்க்கலாம் மக்களே.